கடன்காரன்

2021 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செம்பூர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், இந்தியில். என் பெயரைச் சொல்லி நான்தானா என்று கேட்டது. பிறகு என் தங்கை மகனின் பெயரைச் சொல்லி, "இந்த ஆளைத் தெரியுமா?" என்றது. தெரியும் என்றேன். "5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒளிந்து திரிகிறான். சாயங்காலத்துக்குள் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'திருடன்' என்று எழுதி அவன் போட்டோவை எல்லோருக்கும் அனுப்புவோம்."

நான் எங்கும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லையே என்றேன். "உங்கள் நம்பர் அவன் போனில் இருக்கிறதே" என்றது குரல். மாமனாக இருப்பதற்கு இப்படியும் ஒரு தண்டனை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

பயந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குரல் எனக்குப் பழக்கம். 17 வருடங்களுக்கு முன்னால் அது தினமும் என் ஆபீசுக்கே போன் செய்துகொண்டிருந்தது. அப்போது தேடப்பட்டவன் நான்.

தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற இடத்தில் வளர்ந்தவன் நான். பெயரில் மாட்டுங்கா இருக்கிறதே என்று யாரும் ஏமாற வேண்டாம். பூக்கடையும் உடுப்பி ஓட்டலும் உள்ள மாட்டுங்கா, மத்திய ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. எங்களுடையது மேற்கே. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர். கிடங்கு மூடப்பட்ட பிறகு, அம்மா விடியற்காலையில் அவித்துக் கொடுக்கும் இட்லியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்றார். இட்லியைத் தவிர அம்மாவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. சீட்டுப் பிடிப்பது.

பம்பாயில் இதைப் பிஷி என்பார்கள். எங்கள் சந்தில் சீட்டுதான். 20 பேர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய், 20 மாதம். முதல் மாதத்து 10,000 முழுதாக அம்மாவுக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பணம். தள்ளிய தொகை எல்லோருக்கும் பிரியும். அவசரக்காரர் முதலில் எடுப்பார், நஷ்டப்படுவார். பொறுத்தவர் கடைசியில் எடுப்பார், கொஞ்சம் லாபம் பார்ப்பார். கடனும் சேமிப்பும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி இதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவரிடம் இருந்தது ஒரு நீல அட்டை நோட்டு. எண்கள் எழுதத் தெரியும். பெயர்களை என்னை விட்டு எழுத வைப்பார்.

சீட்டு எடுத்தவர் ஒரு மாதம் கட்டத் தவறினால் அம்மா சத்தம் போட மாட்டார். சாயங்காலம் அந்த வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். பேச்சு மழையைப் பற்றி, தண்ணீர்க் குழாயைப் பற்றி, ஊர்க் கொடையைப் பற்றி. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பணம் வந்துவிடும். வீட்டில் யாராவது சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வாசற்படிக்குப் போக மாட்டார். தன் கையிலிருந்து போட்டுவிட்டு நோட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலத்து நாணயம் எங்கே, இந்தக் காலத்து மனிதர்கள் எங்கே என்று நான் பாட ஆரம்பிப்பேன் என்று நினைத்தால் தவறு. சீட்டும் உடையும். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம் நடந்தபோது எங்கள் சந்து பாதி காலியானது. கிடைத்த ரயிலில் ஏறி ஜனங்கள் ஊருக்குப் போனார்கள். சீட்டில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பமும் போனது. எங்கள் ஜில்லாக்காரர்கள்தான். அவர்கள் ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்டவர்கள். இன்னும் 14 மாதம் பாக்கி. அவர்கள் வீடு எரிந்துபோயிருந்தது. திரும்பி வரவே இல்லை. கசர் கழிக்காமல் பார்த்தால் 7,000 ரூபாய். அம்மா தன் சங்கிலியைச் சேட்டுக் கடையில் வைத்து, மாதாமாதம் அந்தப் பங்கைக் கட்டினார். அப்பா கத்தினார். "போனவுக என்ன கஷ்டத்துல போனாவளோ. இருக்கிறவுக பணம் இருக்கிறவுக பணம்லா" என்றார் அம்மா. சங்கிலி திரும்பவில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த நான் பி.காம். படித்து, கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். 10 பைசா இடித்தால்கூட ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். 1999-ல் செம்பூரில் வாடகைக்கு வீடு பிடித்து, அம்மா அப்பாவையும் அழைத்து வந்துவிட்டேன்.

இந்தியாவில் கிரெடிட் கார்டு 1980-லேயே வந்துவிட்டது. சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கொண்டுவந்தது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் அதைச் சினிமாவில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. 1990-களின் கடைசியில்தான் டை கட்டிய பையன்கள் ஆபீஸ் வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் விண்ணப்பத்தோடு நின்றார்கள். அதற்கு முன் ஒருமுறை, தாராவி விலாசத்தோடு ஒரு ஸ்கூட்டர் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். விலாசத்தைப் பார்த்ததுமே அந்தப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். செம்பூர் விலாசத்துக்கு மூன்றே வாரத்தில் கார்டு வந்தது. 25,000 ரூபாய் வரம்பு. என் பெயரை மேடாக அச்சடித்திருந்தார்கள். அதை விரலால் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. அது எனக்குக் கடன் அட்டையாகத் தோன்றவில்லை. தாராவியிலிருந்து வெளியே வந்துவிட்டதற்கான சான்றிதழாகத் தோன்றியது. அப்புறம் நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமைதான் விதை.

பிரிட்ஜ் வாங்கினேன். வாஷிங் மெஷின் வாங்கினேன். ஊருக்குப் போகும்போது எல்லோருக்கும் துணி. சக ஊழியர்களோடு ஓட்டலுக்குப் போனால் பில்லை நான்தான் எடுப்பேன். 2002-ல் மூன்று கார்டு. ஒன்றில் பணம் எடுத்து இன்னொன்றில் கட்டினேன். தெருவில் ஒருவன் அப்படிச் செய்தால் ஏமாற்று என்று சொல்லியிருப்பேன். ஆபீசில் அதற்கு 'ரொட்டேஷன்' என்று மரியாதையான பெயர் இருந்தது.

கார்டுக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்றால் பொய். பாக்கி 50,000 என்று வையுங்கள். குறைந்தபட்சம் ஐந்து சதவீதம், அதாவது 2,500 கட்டினால் போதும் என்று பில் சொல்லும். மாதத்துக்கு 2.95 சதவீத வட்டி என்றால், அதில் 1,475 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,025. கேட்க ஏதோ மூன்று வட்டி போல இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருடத்துக்கு 41 சதவீதத்துக்கு மேல். இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த '50 நாள் வட்டி இல்லை' சலுகை கிடையாது. இன்று வாங்கிய சோப்புக்கு இன்றே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று எச்சரிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பில்லில் அது இருக்கவும் இருக்கிறது, எறும்பு படிக்கிற எழுத்தில். எனக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. கம்பெனிக்காக நாள் முழுதும் வட்டி போடுகிறவன் நான். எல்லாம் தெரிந்தும், 2,500 கட்டிவிட்டு இந்த மாதம் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டவன்.

2004 தொடக்கத்தில் மொத்தம் 1,84,000 ரூபாய். என் சம்பளம் 11,000. மனைவிக்கு ஒன்றும் தெரியாது. ஆபீசுக்கு ஒரு நாளைக்கு ஆறு போன். டெலிபோன் ஆபரேட்டர் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஒரு சனிக்கிழமை நான் இல்லாதபோது இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இந்த வீட்டுக்காரர் பாங்குக்கு லட்சக்கணக்கில் பாக்கி. எப்போது வருவார்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பம்பாய்க்கு இதொன்றும் புதிதில்லை. மில்கள் ஓடிய காலத்தில் சம்பள நாளன்று மில் வாசலில் தடியோடு காபூலிவாலாக்கள் காத்து நிற்பார்கள். தொழில் நகரங்களில் பெரும்பாலானவற்றில் மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளர் குடும்பங்களாவது கடனில் இருக்கின்றன, அவர்களில் மிகப் பலரின் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் என்று 1931-லேயே விட்லி கமிஷன் எழுதியது. என் கடன் கிட்டத்தட்ட 17 மாதச் சம்பளம். படித்ததன் பலன்.

அன்று ராத்திரி வீட்டில் நடந்ததை முழுதும் எழுத மாட்டேன். மனைவி பேசவில்லை. அம்மாதான் கேட்டார்.

"யாருட்டலே வாங்குன?"

"பாங்குல, அம்மா."

"பாங்குல யாருட்ட?"

பதில் தெரியவில்லை. ஐந்து வருடமாக ஒரு மனித முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. விண்ணப்பம் வாங்கிய பையனின் முகம்கூட நினைவில்லை.

"எதுக்கு வாங்குன?"

அதற்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிரிட்ஜ், மெஷின், துணி என்று சொல்லி, கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சம் சொச்சம்தான் வந்தது. மீதி வட்டியும் அபராதமும். அதைப் பிடித்துக்கொண்டு, பாங்குக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று சத்தம் போட்டேன். அம்மா முழுதும் கேட்டார்.

"அவன் கொள்ளைக்காரன்தான். நீ வாங்குனது நெசமா, இல்லையா?"

"நெசந்தான்."

"பொறவென்ன."

வயதாகிவிட்டதென்று சீட்டை விட்டிருந்த அம்மா, அடுத்த வாரம் பஸ் பிடித்துத் தாராவிக்குப் போனார். பழைய ஆட்களைத் திரட்டி ஒரு புதுச் சீட்டு ஆரம்பித்தார். 20 பேர், ஆளுக்கு 5,000. முதல் மாதத்து ஒரு லட்சம், நடத்துகிறவர் என்ற முறையில், அவருக்கு. அதை என் கையில் கொடுத்தார். அதற்கு விலையாக, 63 வயதில், 20 மாதத்துக்கு 20 குடும்பங்களின் பணத்துக்குப் பொறுப்பாளியானார். யாராவது ஓடிப்போயிருந்தால் வைப்பதற்குச் சங்கிலியும் இல்லை. அம்மாவின் பங்கை மாதாமாதம் நான்தான் கட்ட வேண்டும். கட்டினேன். 20 மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்தத் தேதி நெருங்கும்போது சாப்பாடு இறங்காது. கார்டுக்குப் பணம் கட்டத் தவறியபோது எனக்கு ஏற்பட்டது பயம்தான், வெட்கமில்லை. சீட்டில் அப்படியில்லை. அங்கே என் பணத்துக்காகக் காத்திருந்தவர்களில் ஒருத்தி, சின்ன வயதில் எனக்குச் சோறு போட்டவள்.

இரண்டு கார்டுகளை முழுதாக அடைத்தேன். மூன்றாவதில் 82,000 பாக்கி. வசூல் ஏஜென்சிக்காரரே ஒரு வழி சொன்னார்: "45,000 மொத்தமாகக் கொடுங்கள், கணக்கை முடித்துக்கொள்ளலாம்." மனைவியின் வளையல்களை விற்று முடித்துக்கொண்டேன். ஆபீசில் ஒரு நண்பர் கைகுலுக்கினார். 37,000 லாபம் என்றார். நான் செய்தது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அந்த 82,000-த்தில் பெரும்பகுதி வட்டிமேல் வட்டி. நான் உண்மையில் செலவழித்ததைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டேன். ஆனால் இதே சமாதானத்தைச் சீட்டுக்காரர்களிடம் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அம்மாவிடம் அந்தச் செட்டில்மென்ட் பற்றிச் சொல்லவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று மட்டும் சொன்னேன். 2009-ல் வீட்டுக் கடனுக்குப் போனபோது பாங்கு அதிகாரி சிபில் அறிக்கையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'செட்டில்டு' என்று ஒரு சொல். கடன் கிடைக்கவில்லை. 1993-ல் அம்மா நோட்டில் திரும்பி வராதவர்களின் பெயரில் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

கடன் என்றாலே நம் ஊரில் இரண்டு கட்சி. வாங்கியவன் புத்தி எங்கே போயிற்று என்பது ஒன்று. கொடுத்தவன் வலை விரித்தான் என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன். கடனைத் திருப்பிக் கொடுப்பது அவரவர் பொறுப்பு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுவேன். 2017 அக்டோபர் 23. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனுமேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னக் குழந்தைகளோடும் தீயில் கருகினார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் இருந்தது. எல்லாம் பாங்குகளின் சூழ்ச்சி என்கிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தப் பில்களில் இருந்த கையெழுத்து. அது என்னுடையது.

கோர்ட்டுகளும் இரண்டு பக்கமும் நின்றிருக்கின்றன. அடியாட்களை வைத்துக் கடன் வசூலிப்பதை 2007-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம் அந்த உச்சவரம்பை ரத்து செய்தது. தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன்தான், வாங்கியவனும் கடன்காரன்தான். நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்களோ!

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனேன். தங்கை அழுது முடித்திருந்தாள். பையன் மூலையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். உணவு டெலிவரி வேலை. 2020 ஊரடங்கில் வருமானம் படுத்துவிட்டது. போனில் ஒரு செயலி. ஆதார், பான், ஒரு செல்பி, ஐந்து நிமிடத்தில் கடன். 5,000 என்று சொல்லி, 'கட்டணம்' பிடித்துக்கொண்டு 3,500-ஐத்தான் அனுப்பினார்கள். ஏழே நாளில் 5,000-த்தைத் திருப்ப வேண்டும். முடியாதபோது இன்னொரு செயலி. அதை அடைக்க இன்னொன்று. மாமன் வழியிலேயே மருமகன்.

"ஏலே, யாருட்ட வாங்குன?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அம்மா கேட்டது போலிருந்தது.

"ஆப்புல, மாமா."

செயலிக்குப் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் கம்பெனி இருக்கிறதா, எந்த ஊரில், யார் என்று எதுவும் இல்லை. எனக்காவது ஒரு பாங்கு இருந்தது. கடன் செயலிகள் போனில் உள்ள முகவரிப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில்தான் விதி போட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே தங்கையின் போனுக்கு ஒரு படம் வந்தது. பையனின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள்.

அம்மாவின் வாசற்படியை நினைத்துக்கொண்டேன். அதுவும் வெட்கத்தை வைத்து வசூலிப்பதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்தவருக்குப் பையனின் அப்பா எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரியும். எழுந்து போகவும் தெரியும்.

ஒரு காகிதத்தில் கணக்கு எழுதச் சொன்னேன். செயலிகளிடமிருந்து உண்மையில் கைக்கு வந்தது 19,600. இதுவரை கட்டியது 23,000. அவர்களுக்கு இனி ஒரு ரூபாய் கிடையாது என்று சொல்லி, போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். ஆனால் அந்த 23,000-த்தைக் கட்டுவதற்காக, கூட வேலை பார்க்கும் பையன்களிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் 17,000 கைமாற்று வாங்கியிருந்தான். முதலில் அதைச் சொல்லவே இல்லை. செயலிப் படங்கள் வந்த அவமானத்தில் அது மறைந்துவிடும் என்று நினைத்திருப்பான். அந்தப் பணம் மட்டும் எப்படியும் போய்ச்சேர வேண்டும் என்றேன்.

நானே கொடுத்திருக்கலாம். மனைவி அதைத்தான் சொன்னாள். நான் அவனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் பழைய சந்தில் சீட்டு நடத்தும் பெண்ணிடம் போனேன். அம்மா 2011-ல் இறந்தார். அவருடைய சீட்டில் இருந்த ஒருத்தியின் மருமகள் இவள். 20 பேர், ஆளுக்கு 1,000. பையனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, இவனுக்கு நீங்க பொறுப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதிக்கொண்டாள். மூன்றாம் மாதம் 3,000 தள்ளி 17,000 எடுத்தான். கைமாற்றுகளை அன்றே அடைத்தான். நான் கூடப் போகவில்லை. போனதாகச் சொன்னான்.

ஒன்பதாம் மாதம் அவளிடமிருந்து எனக்குப் போன். "அண்ணே, ஒங்க மருமவன் ரெண்டு மாசமா தரல. சொல்லணும்லா." ஆபீஸ் முடிந்து சயானில் இறங்கி, நடந்து போய் 2,000 ரூபாயைக் கொடுத்தேன். நோட்டில் வரவு வைத்துவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். குடித்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கட்டினான். சீட்டும் முடிந்துவிட்டது. அந்த 2,000-த்தை மட்டும் எனக்கு இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவாக இருந்தால் இந்நேரம் அவன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். போன வாரம் சயான் பாலத்துக்குப் பக்கத்தில் எதிரே வந்தான், வண்டியில், முதுகில் டெலிவரிப் பையோடு. என்னைப் பார்த்ததும் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான்.